தொண்ணூறுக்கு இறங்கினால் வருவேன்

கோப்பாய்
21.01.2024

அன்புள்ள பியாட்றிஸ் அக்காவுக்கு,

கடவுள் கிருபையால் நானும் ஜெனிற்றாவும் சுகம். லெஸ்ரர்க் குளிரில் நீங்களும் உங்கள் மகள், என் மருமகள் நிஷானியும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

வேறு யாராவது எழுதி நீங்கள் அறிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சென்ற ஞாயிறு தேவாலயத்தில் ஒரு கதிரை என்னோடு எழுந்து நின்றது.

நன்றி ஆராதனைக்குச் சனம் கூடிவிட்டதால் பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கைபிடி வைத்தவை. பாட்டுக்கு எழும்பும்படி போதகர் சொன்னார். சபை எழுந்தது. நான் எழுந்தேன். கதிரையும் பக்தியோடு எழுந்தது. மூன்று சரணமும் அதைப் பின்னால் சுமந்தபடி பாடினேன். கடைசியில் பின்வரிசைக் கிறிஸ்ரி இரக்கப்பட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அது கழன்ற சத்தம், எல்லோரும் கண்மூடித் தலைகுனிந்த அந்த அமைதிக்குள் சரியாக விழுந்தது. போதகர் ஜெபத்தை நிறுத்தி, "யாருக்கும் ஏதும் பிரச்சினையோ?" என்றார்.

மறுநாள் ஜெனிற்றா, மனைவி என்ற அதிகாரத்தில், என்னைக் கிளினிக்குக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நூற்று நாலு கிலோ. தாதி இரண்டு தரம் பார்த்தாள்.

அக்கா, தொலைபேசியில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் கதைக்கிறோம், ஒருவரும் கேட்பதில்லை என்று சொல்லி நீங்கள் கடிதச் சட்டம் போட்டு மூன்று வருடம். சட்டம் வருவதற்கு முன் கடைசியாகக் கதைத்த நாளில் நான் "எப்ப வாறியள்?" என்று கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்: "நீ தொண்ணூறு கிலோவுக்கு இறங்கு. அடுத்த பிளேனிலை நான் வந்து இறங்கிறன்."

நான் மறக்கவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்து போனீர்கள், பதினொரு வருடம். எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர். இன்றிலிருந்து இறங்குகிறேன். உங்கள் அறையை வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன்.

நத்தார் வாழ்த்து மட்டை வந்தது. இங்கிலாந்தில் மை விலை ஏறிவிட்டதா? எழுத்து எறும்பு அளவில் இருக்கிறது.

உங்கள் பாரமான தம்பி,
டானியல்


லெஸ்ரர்
12.02.2024

அன்புத் தம்பி டானிக்கு,

நாம் நலம். அந்தக் கதிரை நலமா?

கடிதத்தை நிஷானிக்கு வாசித்தேன். கதிரை எழுந்த இடத்தில் அவள் தேத்தண்ணியை மூக்கால் விட்டாள்.

வாக்கு வாக்குத்தான். முப்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவள் இப்போது மாற முடியாது. நீ தொண்ணூறு என்று எழுதுகிற நாளில் நான் ரிக்கற் எடுப்பேன். இதைப் பயமில்லாமல் எழுதுகிறேன். உன்னை எனக்கு ஐம்பத்து மூன்று வருடமாகத் தெரியும். பத்து வயதில் நீ தவக்காலத்துக்கு இனிப்பை விட்டாய். சாம்பல் புதனுக்கு விட்டதை வியாழக்கிழமை பிடித்துக்கொண்டாய்.

இங்கே "றிடியூஸ்", அதாவது குறை, என்ற சொல் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கிறது. கடைக் கண்ணாடியில் சிவப்பில் இருந்தால் விலை. வீதிப் பலகையில் இருந்தால் வேகம். ரீவியில் சமைக்கிறவர் சொன்னால் குழம்பை வற்றவிடு என்று அர்த்தம். டொக்டர் சொன்னால் வேறு அர்த்தம். அதை விடு.

எழுத்துச் சிறிதாக இருப்பது தாள் மிச்சம் பிடிக்க. உன்னைப்போல எட்டுப் பக்கம் எழுத எனக்கு ஊர்வம்பு இல்லை.

ஜெனிற்றாவுக்கு என் அன்பு.

அக்கா


கோப்பாய்
10.03.2024

அன்பின் அக்கா,

எல்லோரும் சுகம். ஒருவன் மட்டும் முன்னையைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுகம், ஏனென்றால் அவனே குறைந்துவிட்டான்.

முதலில் என் முறை. சோறு ஒரு நேரம். சீனி இல்லை. வேலை முடிந்ததும் சைக்கிள். எங்கே என்று கேளுங்கள். சண்டிலிப்பாய்க்கு. கோப்பாயில் தராசில் ஏறினால் மாலை ஆராதனைக்குள் சபை முழுவதும் என் நிறையை மனப்பாடம் செய்துவிடும். சண்டிலிப்பாயில் என்னைத் தெரிந்தவர் ஒருவர்தான், ஆழ்வாப்பிள்ளை. தோட்டக்காரரிடம் மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு லொறி ஏற்றுகிறவர். மணியோடர் விஷயமாக எங்கள் தபாற்கந்தோருக்கு வந்து பழக்கம். அவருடைய கொட்டிலில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று இருக்கிறது. நாலு மூட்டை கோவா ஒரேயடியாக நிற்கும். எனக்கு ஏற்ற தராசு.

சப்பாத்தைக் கழற்றி ஏறினேன். அக்கா, குனிந்து முள்ளைப் பார்க்க முடியவில்லை. இடையில் என் வயிறு. "அண்ணை, நீங்கள் வாசியுங்கோ" என்றேன்.

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தோட்டக்காரருக்குச் சொல்கிற அதே இராகத்தில் சொன்னார்: "தொண்ணூற்றி நாலு."

"எத்தினை?"

"தொண்ணூற்றி நாலு, மாஸ்ரர். கத்தரிக்காய் எண்டாலும் கந்தோர்க்காரர் எண்டாலும் என்ரை தராசிலை ஒரே நிறுவைதான்."

வரிசையில் நின்ற தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், "கழிவு போகவோ, கழிவோடையோ?" என்றார். மற்றவர்கள் இன்னும் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. ஏழு வாரத்தில் பத்துக் கிலோ இறக்கியவனைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரத்தான் செய்யும்.

நான் கொட்டிலுக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பகிடி இல்லை அக்கா. கண் கலங்கிவிட்டது. ஐம்பத்து மூன்று வருடமாக நான் தொடங்கியது எதையும் முடித்ததில்லை. மிருதங்கம், சுருக்கெழுத்து, டிப்ளோமா, ஜெனிற்றாவுக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன குசினி. இந்த உடம்புக்குள் இப்படி ஒருவன் இருந்தான் என்று எனக்கே தெரியாது. மனிதனைக் கடவுள் எவ்வளவு விசித்திரமாகச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு நெல்லிரசம் வாங்கிக் குடித்தேன். சீனி போடாமல்.

ஜெனிற்றா நம்பவில்லை. "பார்த்தால் தெரியேல்லையே" என்கிறாள். வீட்டில் நான் எப்போதும் சாரம். சாரத்துக்கு அளவு தெரியாது.

இன்னும் நாலு கிலோ. பெட்டியைத் தூசு தட்டுங்கள்.

தம்பி டானியல்


லெஸ்ரர்
20.04.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். கடிதம் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். தொடங்கினேன், பிறகு வைத்துவிட்டேன்.

பத்துக் கிலோ. நான் மூன்று தரம் வாசித்தேன். உண்மையில் அதிசயமாக இருக்கிறது. உன்னை வைத்து இவ்வளவு காலம் சிரித்ததற்கு இப்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

ஆனால் தொண்ணூறு என்றால் தொண்ணூறு. தொண்ணூற்றரை செல்லாது. அவசரமும் இல்லை. உடம்பை வருத்தாதே. அடுத்த வருடம் என்றாலும் எனக்குச் சம்மதம். அதற்கு அடுத்த வருடம் என்றாலும்.

அக்கா


கோப்பாய்
12.05.2024

அன்பின் அக்கா,

நலம். வெயில் மட்டும் நலமில்லை.

முதல் பத்துக் கிலோ மாம்பழம்போலத் தானாக விழுந்தது. கடைசி நாலும் பாறையில் ஒட்டிய மட்டி. தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று மூன்றரை, திரும்பவும் தொண்ணூற்று நாலு. ஒவ்வொரு சனியும் ஆழ்வாப்பிள்ளை அதே இராகத்தில் வாசிக்கிறார். நான் சைக்கிளைத் திருப்புகிறேன். விடமாட்டேன்.

இனி உங்கள் கடிதம். அதைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய், கள்ள முத்திரை பிடிக்கிற பூதக்கண்ணாடியால் வாசித்தேன். வரி தொடங்கும்போது மிளகாய் விதை. நடுவில் கடுகு. முடியும் இடத்தில் தூசு. கையொப்பத்தை விசுவாசத்தால் ஏற்றுக்கொண்டேன். கோப்பாய் முழுவதும் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கிய பியாட்றிஸ் ரீச்சரா இது? என் "ட"வை முட்டைக்கோது என்று சொல்லி மோதிரவிரலில் அடித்த ஆளா? இதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப்போகிறேன். வருகிறவர்களுக்கு வெறும் தாளாகத்தான் தெரியும்.

பகிடிதான், கோவிக்காதீர்கள். அடுத்ததைப் பெரிதாக எழுதுங்கள்.

டானியல்


லெஸ்ரர்
05.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நிஷானி எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் அம்மா சொல்லித் தந்தவ. ஆனால் முழுக்க நலம் இல்லை. என் தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கோ.

இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவவுக்கு நாலு வருடமாகப் பாக்கின்சன். கை நடுங்கும். அந்த வருத்தத்தில் எழுத்தும் சிறுத்துக்கொண்டு போகுமாம். அவ வேணுமென்று சின்னதாக எழுதவில்லை, மாமா. பெரிதாகத்தான் எழுதுகிறோம் என்று அவவின் கை நினைக்கிறது. உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்ப நாலு கடிதம் கிழிப்பா.

ஊருக்கு வராததும் அதனால்தான். வந்தால் அவவிட்டைப் படித்த பிள்ளைகள் எல்லோரும் பார்க்க வருவார்களாம். தேத்தண்ணி கொடுப்பார்களாம். கோப்பையும் தட்டும் அடிக்கிற சத்தத்தை அவர்கள் கேட்கக் கூடாதாம். தொண்ணூறு கிலோ என்று சொன்னது, நீங்கள் இறங்கவே மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

பிறகு உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்தது. அன்று முழுக்க அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தா. இரவுச் சாப்பாட்டில், "டானி பத்துக் கிலோ இறக்கிப்போட்டானடி" என்றா. அடுத்த நாள் காலை, கிளினிக்கில் கொடுத்து ஒரு வருடமாக லாச்சிக்குள் கிடந்த கைப்பயிற்சித் தாளை எடுத்தா. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் செய்கிறா. "அவனாலை ஏலுமெண்டால்" என்று சொல்லிச் சொல்லிச் செய்கிறா.

உங்கள் மே கடிதத்தை நான் ஒளித்துவிட்டேன். தயவுசெய்து எழுத்தைப் பற்றிப் பகிடி எழுத வேண்டாம். ஆனால் நிறையைப் பற்றி எழுதுங்கோ.

மாமிக்கு அன்பு.

நிஷானி


கோப்பாய்
30.06.2024

அன்பின் அக்கா,

நாங்கள் சுகம். சென்ற மாதம் நான் எழுதிய கடிதம் வழியில் தொலைந்துவிட்டது என்று நினைக்கிறேன். தொலைந்தது நல்லது. அதில் ஒன்றும் இல்லை. தபால் பகுதியில் சிலவேளை நல்ல காரியங்களும் நடக்கும்.

புதினம்: உங்கள் தம்பியின் தோள் கழன்றது. சண்டிலிப்பாய் போகும் வழியில் ஓர் ஆடு வலதா இடதா என்று தீர்மானிக்க முடியாமல் நடுறோட்டில் நின்றது. நானும் தீர்மானிக்கவில்லை. ஆட்டுக்கு ஒன்றுமில்லை. எனக்கு வலது கை தோளை விட்டு வெளியே வந்து, வாடகைக்கு வந்தவன்போலத் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் பிரணவன் என்று ஒரு டொக்டர்ப் பிள்ளை. மீசை இப்போதுதான் முளைக்கிறது. "ஐயா, ஒருக்கால் மூச்சை இழுத்து விடுங்கோ" என்றார். விட்டேன். கையைப் பிடித்து மெதுவாகச் சுற்றி ஓர் இழுவை. "ளொக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அக்கா, உலகத்தையே தூக்கியதுபோல இருந்த வலி, விளக்கணைத்ததுபோலப் போய்விட்டது. எலும்பு தன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததை நான் உணர்ந்தேன். வாயடைத்துப் போனேன். என் வாய் அடைத்தது என்றால் நீங்களே யோசியுங்கள்.

துண்டில் "றிடியூஸ்ட்" என்று எழுதியிருந்தது. பயந்து, "டொக்டர், எதைக் குறைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒண்டையும் குறைக்கேல்லை ஐயா. விலகினதைத் திரும்ப அதின்ரை இடத்துக்குக் கொண்டுவந்து விட்டனான். அதுக்கும் அந்தச் சொல்லுத்தான்."

இத்துடன் ஒரு பொதி. எங்கள் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் இரட்டை றூல் கொப்பி மலிவு. ஆறு வாங்கினால் ஒன்று சும்மா. எனக்கு எதற்கு? நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பேனையும் இரண்டு, பிடிக்க மொத்தமானது.

நிறை தொண்ணூற்று இரண்டு. கையில் கட்டுப் போட்டிருந்தும் பஸ்ஸில் போய் நிறுத்தேன்.

தம்பி


லெஸ்ரர்
02.09.2024

அன்புத் தம்பி டானிக்கு,

தோள் எப்படி? ஆட்டையும் கேட்டதாகச் சொல்.

இந்தக் கடிதம் உன் கொப்பியில். ஒரு நாளுக்கு இரண்டு வரி. கோட்டுக்குக் கோடு. "மேல் கோட்டைத் தொடு, கீழ்க் கோட்டிலை நில்" என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இப்போது எனக்குச் சொல்கிறேன். கோடு இருந்தால் கை கேட்கிறது. கோடு இல்லாவிட்டால் ஓடி ஒளிகிறது. ஒரு "அ" இரண்டு கோட்டுக்கும் நடுவில் முழுதாக நின்றபோது, நான் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தேன். ஐந்து வயதில் முதல் "அ" எழுதிய நாளில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

உனக்கு யார் சொன்னது என்று கேட்கமாட்டேன். என் எழுத்தை எறும்பு என்று நக்கலடித்தவன் இரட்டை றூல் கொப்பியும் மொத்தப் பேனையும் அனுப்புகிறான். அதிலேயே தெரிந்துவிட்டது.

அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னது சரி. என் பழைய அகராதியைத் தூக்கிப் பார்த்தேன். அந்தச் சொல்லின் தாய் லத்தீன். அங்கே அதற்குக் குறைத்தல் என்ற அர்த்தமே இல்லை. திரும்ப அழைத்து வருதல் என்றுதான் இருந்ததாம். இவ்வளவு காலம் படிப்பித்தேன், இது எனக்குத் தெரியாது.

தொண்ணூறு வரவேண்டும் என்றும் வரக்கூடாது என்றும் ஒவ்வோர் இரவும் ஜெபிக்கிறேன். கடவுள் குழம்பியிருப்பார்.

அக்கா


கோப்பாய்
06.10.2024

அன்பின் அக்கா,

நேற்றுச் சனிக்கிழமை, மாலை நாலரை மணி, சண்டிலிப்பாய், ஆழ்வாப்பிள்ளையின் கொட்டில்.

சேட்டைக் கழற்றினேன். மணிக்கூட்டையும் பெல்ற்றையும் கழற்றினேன். திறப்புக்கோர்வையை ஒரு தோட்டக்காரரிடம் கொடுத்தேன். அவர், "மாஸ்ரர், பல்லும் கட்டுப்பல்லெண்டால் தாங்கோ" என்றார். ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆழ்வாப்பிள்ளை குனிந்தார். இருமினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"அண்ணை, சொல்லுங்கோ."

"தொண்ணூறு."

"அரை கிரை ஒண்டும் இல்லையோ?"

"முள்ளு நேரா நிக்குது மாஸ்ரர். வந்து பாருங்கோவன்."

வயிற்றை உள்ளே இழுத்துக் குனிந்தேன். அக்கா, எனக்கு முள் தெரிந்தது. மார்ச்சில் தெரியாத முள். தொண்ணூறில் நின்றது. மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் வெறும் மேலோடு நின்று நான் சத்தமில்லாமல் ஒரு ஜெபம் சொன்னேன். ஆழ்வாப்பிள்ளை சைவக்காரர், அவரும் கும்பிட்டார். அங்கே நின்றவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒருவர் ஒரு கட்டுக் கீரை தந்தார்.

இனி இன்னொரு கணக்கு. நிறையைவிட அது பாரம். ஜூன் மாதத்திலிருந்து ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அதை நான் ஜெனிற்றாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. கிறிஸ்ரிக்குச் சொல்லவில்லை. போதகருக்குச் சொல்லவில்லை. கோப்பாயில் நான் அறிந்தும் பிறர் அறியாத விஷயம் என்று இதற்கு முன் ஒன்றும் இருந்ததில்லை. ஆகவே வாயையும் குறைத்திருக்கிறேன் என்பதைக் கணக்கில் சேர்க்கவும்.

அறை வெள்ளை. கட்டில் புதிது. தட்டு இல்லாத பெரிய கைபிடிக் கோப்பைகள் அரை டசின் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் அதுதான்.

நான் இறங்கிவிட்டேன். உங்கள் முறை.

தம்பி டானியல்


லெஸ்ரர்
03.11.2024

தம்பி,

நலம்.

டிசம்பர் பதினாலு. கட்டுநாயக்கா விமான நிலையம். காலை ஏழு மணி.

வாக்கு வாக்குத்தான்.

அக்கா


லெஸ்ரர்
02.02.2025

அன்புத் தம்பி டானிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நிஷானியும் சுகம். இங்கே பனி. உன் வீட்டு வெயில் இன்னும் முதுகில் இருக்கிறது. இந்தக் கடிதம் எட்டு நாள் வேலை. ஆறாவது கொப்பி. எழுத்தின் அளவைப் பார். பூதக்கண்ணாடியைக் கந்தோருக்குத் திருப்பிக் கொடு. (ஒளித்துவைத்த கடிதத்தை நிஷானி தந்துவிட்டாள். கையொப்பத்தை விசுவாசத்தால் ஏற்றுக்கொண்ட இடத்தில் நானும் சிரித்தேன்.)

நத்தாருக்கு மறுநாள் உதயகலா, என்னிடம் படித்து இப்போது அதிபராக இருப்பவள், பதினாறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாளே. உன் பெரிய கோப்பைகள் ஆறு. பதினேழு பேர். ஜெனிற்றா வேறு வழியில்லாமல் அம்மாவின் தட்டும் கோப்பையும் எடுத்தாள். கைமாறி வந்ததில் எனக்கும் அதில் ஒன்று வந்தது. என் கை தொடங்கியது. நீ உடனே கதிரைக் கதையைத் தொடங்கினாய். அந்தக் கதையை நீ எழுந்து நின்று, கதிரையை முதுகில் பிடித்து, பாட்டையும் பாடி நடித்துக் காட்டினாய். பதினேழு பேரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். கோப்பைச் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. நான் முழுத் தேத்தண்ணியையும் குடித்து முடித்தேன். நீ ஏன் அவ்வளவு நேரம் வாய் மூடவில்லை என்று எனக்குத் தெரியும், தம்பி.

போகும்போது உதயகலா என் கையைப் பிடித்தாள். நடுங்கியதைப் பிடித்துக்கொண்டே, "ரீச்சர், இந்தக் கையாலை எத்தினை அடி" என்றாள். இவ்வளவுக்குத்தான் நான் இத்தனை வருடம் பயந்திருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் நீ. நீ இறங்கியிராவிட்டால் நான் அந்தப் பயிற்சித் தாளை எடுத்திருக்க மாட்டேன். கொப்பி எழுதியிருக்க மாட்டேன். வந்திருக்கவும் மாட்டேன். இதை ஒருதரம் எழுத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். வைத்துவிட்டேன்.

விமான நிலையத்தில் உன்னைக் கண்டபோது, இதுதான் தொண்ணூறா என்று ஒரு யோசனை வந்தது. நான் கேட்கவில்லை. நீயும் என் கையைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

இனி ஒரு சின்ன விஷயம். புறப்படுவதற்கு முதல் நாள் என் பெட்டியை நீ பெருமையோடு ஆழ்வாப்பிள்ளையிடம் கொண்டுபோய் நிறுத்தாய். முப்பது, சரியாக முப்பது, ஒரு மிளகாய்கூடக் கூடாது என்று வந்து சொன்னாய். கட்டுநாயக்காவில் அது முப்பத்து மூன்றுக்கு மேல் காட்டியது. ஒடியல் மாவையும் பனங்கட்டியையும் வெளியே எடுத்து, வான் ஓட்டிவந்து பெட்டியையும் உள்ளே தள்ளிவந்த ஜெயரூபனிடம் கொடுத்தேன். நீ வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் இது உனக்குத் தெரியாது.

ஜெயரூபன் சண்டிலிப்பாய்ப் பெடியன். "அன்ரி, எந்தத் தராசிலை நிறுத்தனீங்கள்?" என்றான். சொன்னேன். அவன் தலையில் கைவைத்தான். "ஐயோ, அவர் தோட்டக்காரரிட்டைக் கழிக்கிற கழிவைத் தராசுக்குள்ளையே போட்டு வைச்சிருக்கிறார். நூறுக்குப் பத்துக் குறைச்சுத்தான் காட்டும். ஊருக்கே தெரியும். கோப்பாய் ஆக்களுக்குத்தான் தெரியாது."

விமானத்தில் பத்து மணித்தியாலம் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. கொப்பியை எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில், பெரிதாக, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நீ நூறு கிலோ.

அன்புடன்,
அக்கா